முதல் இருபது பேர்

1994இல் ‘சர்ஜிக்கல் எண்டோஸ்கோபி’ என்ற மருத்துவ இதழில் ஒரு சின்னக் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் கனடாவின் மான்ட்ரியலைச் சேர்ந்த மிஷேல் கான்யே, அல்ஃபோன்ஸ் போம்ப் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள். நாள்பட்ட கணைய அழற்சியால் அவதிப்பட்ட 30 வயதுப் பெண் ஒருவருக்கு, வயிற்றை நீளமாகத் திறக்காமல், சில துளைகள் மட்டும் போட்டு, கணையத்தின் தலைப்பகுதியையும் அதோடு ஒட்டிக்கிடக்கும் முன்சிறுகுடலையும் வெட்டி எடுத்திருந்தார்கள். மிச்சம் இருந்ததைத் துளை வழியாகவே மறுபடி இணைத்துத் தைத்திருந்தார்கள். அதற்கு முன் யாரும் இப்படிச் செய்து பதிவு செய்ததில்லை. அறுவை 10 மணி நேரம் ஓடியது. அதன்பிறகு இரைப்பை சரியாகக் காலியாகாமல் அந்தப் பெண் 30 நாள் மருத்துவமனையில் இருந்தார்.

இந்த 30 நாள்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. துளை வழி அறுவை சிகிச்சையை நமக்கு விற்கும்போது முதலில் சொல்லும் வார்த்தையே ‘சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்’ என்பதுதான். உலகின் முதல் ஆளோ ஒரு மாதம் கழித்துத்தான் வீட்டுக்குப் போனார். அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. 1997இல் அதே இரண்டு பேரும் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். அதன் தலைப்பிலேயே ஒரு கேள்வி இருந்தது: துளை வழியே கணையத்தை வெட்டுவது பிரயோஜனமான காரியமா? பத்துப் பேருக்கு இந்தப் பெரிய அறுவையை முயன்றதில் நான்கு பேருக்கு நடுவில் நிறுத்தி வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது. சராசரியாக எட்டரை மணி நேரம். சராசரியாக 22 நாள் படுக்கை. கணையத்தின் வால் பகுதியை எடுப்பதற்கு இந்த வழி சரி, தலைப்பகுதிக்கு இதில் லாபம் தெரியவில்லை என்று எழுதி வைத்தார்கள்.

ஒரு புதுத் தொழில்நுட்பத்தைக் கண்டுபிடித்தவரே ‘இது தேவையான்னு தெரியல’ என்று அச்சில் போடுவதை நான் அதிகம் பார்த்ததில்லை. தொழில்நுட்ப வரலாறுகள் பொதுவாக ஜெயித்தவர்களின் ஊர்வலமாகத்தான் எழுதப்படுகின்றன. கணைய அறுவையின் வரலாற்றில் கொஞ்சம் நேர்மை மிச்சம் இருக்கிறது. காரணம் யாருடைய நல்ல குணமும் இல்லை, அந்த உறுப்பு அப்படி. தப்பு செய்தால் அது ஒளித்து வைக்க விடாது.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, குறுக்கே படுத்திருக்கிறது. அதன் தலையை முன்சிறுகுடல் வளைத்துப் பிடித்திருக்கும். கழுத்துக்குப் பின்னாலேயே கல்லீரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய். பக்கத்திலேயே சிறுகுடல் முழுவதற்கும் ரத்தம் கொண்டுபோகும் தமனி. பித்தக்குழாய் தலையைத் துளைத்துக்கொண்டு வருகிறது. ஆக, தலையில் புற்றுநோய் வந்தால் தலையை மட்டும் எடுக்க முடியாது. முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயின் கீழ்ப்பகுதி, பல நேரங்களில் இரைப்பையின் ஒரு பகுதி என்று எல்லாம் சேர்ந்துதான் வரும். எடுத்தபிறகு மூன்று இணைப்புகள் போட வேண்டும்: குடலோடு இரைப்பை, குடலோடு பித்தக்குழாய், குடலோடு கணையம். முதல் இரண்டும் சிரமம்தான், ஆனால் செய்யலாம். மூன்றாவதுதான் எமன். நோய் இல்லாத கணையம் தோஃபு மாதிரி மிருதுவாக இருக்கும். நூலை இறுக்கினால் கிழியும், தளர்த்தினால் ஒழுகும். உள்ளே ஓடும் குழாய் சில பேருக்கு மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒழுகுவதும் சாதாரணத் திரவம் இல்லை, நாம் சாப்பிடும் இறைச்சியைக் கரைக்கிற நீர். அது நம்முடைய சதையையும் தையலையும் பக்கத்து ரத்தக்குழாயையும் அதே உற்சாகத்தோடு கரைக்கும். பயிற்சி மருத்துவர்களுக்கு மூத்தவர்கள் சொல்லிக்கொடுக்கும் ஒரு கிண்டல் உண்டு: நேரம் கிடைத்தால் சாப்பிடு, நேரம் கிடைத்தால் தூங்கு, கணையத்தோடு மட்டும் வம்பு வைத்துக்கொள்ளாதே.

வம்பு வைத்துக்கொண்டவர்கள் முன்பே இருந்தார்கள். 1898இல் இத்தாலியில் அலெஸாண்ட்ரோ கோடிவில்லா தலைப்பகுதியை எடுத்தார். நோயாளி ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. 1909இல் பெர்லினில் வால்டர் கவுஷ் இரண்டு கட்டமாகச் செய்து ஜெயித்தார். ஆனால் இந்த அறுவைக்கு இன்று ஒட்டியிருக்கும் பெயர் நியூயார்க்கைச் சேர்ந்த ஆலன் விப்பிளுடையது. பாரசீகத்தில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1935இல் மூன்று நோயாளிகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில்தான் நவீனக் கதை தொடங்குகிறது. அவருடைய முதல் நோயாளி இறந்துபோனார். மிருகக் குடலிலிருந்து செய்யும் கேட்கட் நூலால் தைத்திருந்தார்கள், அந்தத் தையல் உள்ளே கரைந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் இது எவ்வளவு எளிமையான பொறியியல் தவறு! இறைச்சியைக் கரைக்கும் நீர் ஓடுகிற இடத்தில் இறைச்சியால் செய்த நூல். அடுத்தவருக்குப் பட்டு நூலுக்கு மாறினார்கள்.

அப்போது இது இரண்டு கட்ட அறுவை. மஞ்சள் காமாலை முற்றியவர்களுக்கு ரத்தம் உறையாது. அதனால் முதலில் பித்தத்தைத் திருப்பிவிட்டு, காமாலை இறங்கும்வரை வாரக்கணக்கில் காத்திருந்து, அப்புறம்தான் வெட்டுவார்கள். 1930களில் ஹென்ரிக் டாம் வைட்டமின் ‘கே’யைக் கண்டுபிடித்தபிறகு அந்தக் காத்திருப்புக்கு அவசியம் குறைந்தது. 1940இல் இரைப்பைக் கட்டி என்று நினைத்து ஒருவரைத் திறந்த விப்பிள், உள்ளே கணையத் தலையில் கட்டியைப் பார்த்தார். அந்த நோயாளிக்குக் காமாலை இல்லை. சரி, ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று முடித்தார். தன் வாழ்நாள் முழுவதும் சேர்த்து அவர் செய்தது 37 அறுவைகள்தான். இந்த எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முப்பது வருடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 1960களிலும் 70களிலும் பல இடங்களில் நான்கு பேருக்குச் செய்தால் ஒருவர் மருத்துவமனையிலேயே இறந்தார். 1970இல் ஜார்ஜ் கிரைல் ஜூனியர் என்ற அமெரிக்க மருத்துவர், புற்றுநோய்க்காக இந்த அறுவையைச் செய்வதைவிட அடைப்பைச் சுற்றி ஒரு மாற்றுவழி போட்டுவிட்டு நோயாளியை நிம்மதியாக விடுவது மேல் என்று வாதாடினார். அது விதண்டாவாதமும் இல்லை. அன்றைய கணக்கு அவர் பக்கம்தான் இருந்தது.

நிலைமையை மாற்றியது புதுக்கருவி எதுவும் இல்லை. ஒரே கையில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ததுதான். பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜான் கேமரன் குழு 145 விப்பிள் அறுவைகளைத் தொடர்ச்சியாக, ஒரு மரணம்கூட இல்லாமல் செய்ததாக 1993இல் எழுதியது. 2002இல் பிர்க்மையரும் மற்றவர்களும் அமெரிக்க முதியோர் காப்பீட்டுப் பதிவுகளை அலசினார்கள். வருடத்துக்கு ஒரு கணைய அறுவைகூடச் செய்யாத மருத்துவமனைகளில் மரணம் 16.3 சதவீதம், 16க்கு மேல் செய்யும் இடங்களில் 3.8 சதவீதம். நோய் அதே நோய்தான். வித்தியாசம் எந்த வாசல் வழியாக உள்ளே போனீர்கள் என்பதில் இருந்தது.

இப்போது தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திறந்த அறுவை பாதுகாப்பானது என்று நிரூபணமாகி வந்ததும், கான்யே துளை போட்டதும் ஏறக்குறைய ஒரே சமயம். அறுபது வருடம் உயிர்களைக் கொடுத்து ஒரு வழியைச் சமன்படுத்தி, ‘அப்பாடா’ என்று உட்கார்ந்தவர்களிடம் ‘வாங்க, வேற வழியில போகலாம்’ என்று சொன்னால் எப்படி இருக்கும்? கணைய மருத்துவர்கள் இதில் காட்டிய தயக்கத்தைப் பழமைவாதம் என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

தயங்கியதற்கு இன்னொரு காரணம் பக்கத்து உறுப்பில் நடந்தது. 1980இல் ஜெர்மனியின் கீல் நகரில் குர்ட் செம் என்ற மகப்பேறு மருத்துவர் குடல்வாலைத் துளை வழியே எடுத்தார், சக மருத்துவர்கள் அவரைத் தடைசெய்யச் சொன்னார்கள். 1985இல் போப்லிங்கனில் எரிஹ் மூஹே பித்தப்பையை எடுத்தார், அவரையும் கேலி செய்தார்கள். ஐந்து வருடத்துக்குள் காற்று அப்படியே திரும்பியது. நோயாளிகளே கேட்டு வர ஆரம்பித்தார்கள். வார இறுதிப் பட்டறையில் பன்றியின் வயிற்றில் பழகிவிட்டுத் திங்கட்கிழமை மனிதர்களுக்குச் செய்தவர்கள் உண்டு. பித்தக்குழாயைத் தவறுதலாக வெட்டும் விபத்துகள் கூடின. 1992இல் நியூயார்க் மாநிலம் தலையிட்டு, தனியாகச் செய்வதற்கு முன் 15 அறுவைகளாவது அனுபவசாலியின் மேற்பார்வையில் செய்திருக்க வேண்டும் என்றது. பித்தப்பை என்பது எடுத்துப் போட்டுவிட்டுப் போகக்கூடிய உறுப்பு. அதிலேயே இந்தப் பாடு என்றால் கணையத்தில்?

அதனால் கணையத்தில் இரண்டு வேகங்கள் உருவாயின. வால் பகுதியை எடுக்கும் அறுவையில் வெட்டி, முனையை மூடிவிட்டு வந்துவிடலாம், இணைப்பு கிடையாது. அது துளை வழிக்குச் சுலபமாக மாறியது. பின்னாளில் நெதர்லாந்தில் 108 பேரை வைத்து நடந்த ‘லெபர்ட்’ ஆய்வில் துளை வழி போனவர்கள் 4 நாளில் தேறினார்கள், திறந்தவர்கள் 6 நாளில். விவாதம் பெரும்பாலும் அங்கேயே முடிந்தது. தலைப்பகுதி மட்டும் சில பிடிவாதக்காரர்களின் கையில் நின்றது.

அந்தப் பிடிவாதக்காரர்களில் முக்கியமானவர் கோயம்புத்தூரில் இருந்தார். சி. பழனிவேலு குழு 1998இலிருந்து துளை வழியே விப்பிள் செய்து வந்தது. கான்யே ‘பிரயோஜனமா?’ என்று கேட்ட மறுவருடம். 2009இல் 75 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். 2017இல் அவர்களுடைய ‘ப்ளாட்’ ஆய்வு வந்தது. 64 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் 32, 32 ஆகப் பிரித்து, ஒரு பாதிக்குத் திறந்தும் ஒரு பாதிக்குத் துளை வழியாகவும் செய்தார்கள். திறந்தவர்களுக்கு 13 நாள் படுக்கை, துளை வழிக்கு 7. இந்த அறுவையில் இப்படிக் குலுக்கல் முறையில் ஒப்பிட்ட ஆய்வுகளில் முதன்மையானது இது. நம் ஊர்ப் பேச்சில் ‘ரோபோ’, ‘லேசர்’ என்ற சொற்கள் எல்லாம் அமெரிக்காவிலிருந்து இறங்குவதாகவே ஒரு பாவனை உண்டு. மாண்ட்ரியலில் சந்தேகத்தோடு நின்றுபோன வேலையைத் தொடர்ந்து இழுத்துக்கொண்டு வந்து ஆதாரமாக மாற்றியதில் ஒரு தமிழ்நாட்டு ஊருக்குப் பங்கு இருக்கிறது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது ஒரே மருத்துவமனை, கிட்டத்தட்ட இருபது வருடம் பழகிய கை. அந்த 7 நாள் கோயம்புத்தூரின் 7 நாள். அதைப் பெட்டியில் போட்டு வேறு ஊருக்கு அனுப்ப முடியுமா என்பது தனிக் கேள்வி.

அந்தக் கேள்விக்கு நெதர்லாந்து பதில் தேடியது. இந்த வரலாற்றில் நான் அதிகம் மதிப்பது இந்தப் பகுதியைத்தான், படிக்கக் கஷ்டமாக இருப்பதும் இதுதான்.

டச்சுக்காரர்கள் எதையும் அவசரமாகச் செய்யவில்லை. நான்கு மருத்துவமனைகள். ஒவ்வொன்றும் வருடத்துக்கு 20க்குக் குறையாமல் விப்பிள் செய்பவை. மருத்துவர்கள் நாடளாவிய பயிற்சித் திட்டம் ஒன்றை முடித்தவர்கள், தலைக்கு 20 துளை வழி விப்பிளாவது செய்தவர்கள். அதற்கப்புறம்தான் ‘லெபர்ட்-2’ ஆய்வைத் தொடங்கினார்கள். 99 பேருக்கு அறுவை முடிந்த நிலையில், பாதுகாப்பைக் கண்காணிக்கும் குழு எண்களைப் பார்த்தது. அறுவைச் சிக்கலால் 90 நாளுக்குள் இறந்தவர்கள்: துளை வழியில் 50 பேரில் 5 பேர், திறந்த வழியில் 49 பேரில் ஒருவர். ஆய்வை நிறுத்திவிட்டார்கள்.

புள்ளியியல் படித்த யாரும் உடனே ஒன்று கேட்பார்கள்: ஐந்துக்கும் ஒன்றுக்குமான இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாமே? வந்திருக்கலாம். ஆய்வாளர்களே 2019 கட்டுரையில் இந்த வேறுபாடு புள்ளியியல்படி உறுதியாகவில்லை என்றுதான் போட்டிருக்கிறார்கள். ‘இன்னும் நூறு பேருக்குச் செய்து பார்த்தால் தெரிந்துவிடும்’ என்று சொல்ல ஒரு நியாயம் இருந்தது. ஒரு மெஷினை சோதிக்கும்போது நான் அப்படித்தான் சொல்லுவேன், மாதிரி எண்ணிக்கை போதாது, ஓட்டு என்று. இங்கே மாதிரி என்பது மாடியில் படுத்திருக்கும் ஆள். திறந்த வழி என்ற தெரிந்த, நல்ல மாற்று கைவசம் இருக்கும்போது உறுதியைத் தேடிப் போவதற்கான விலையை யார் கொடுப்பது? அந்தக் குழு தெரியாமலேயே நிறுத்தியது. வேகமாகத் தேறுவார்கள் என்று நினைத்தார்களே, அதுவும் நடக்கவில்லை. துளை வழிக்கு 10 நாள், திறந்தவர்களுக்கு 8.

20 அறுவை போதவில்லை என்பதுதான் பலரும் எடுத்துக்கொண்ட பாடம். பிறகு 2021இல் சீனாவில் 14 மருத்துவமனைகள் சேர்ந்து 656 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டன. அதில் கலந்துகொள்ள ஒரு மருத்துவர் ஏற்கெனவே 104 துளை வழி விப்பிள் செய்திருக்க வேண்டும் என்று விதி. இப்போது மரணங்களில் வித்தியாசம் இல்லை. பாதுகாப்பாகச் செய்யலாம் என்று தெரிந்தது. லாபம்? 15 நாள், 16 நாள். நூற்றுக்கு மேல் செய்த கைக்குக் கிடைத்த பரிசு ஒரே ஒரு நாள். விப்பிள் வாழ்நாள் முழுவதும் செய்தது 37 என்று சொன்னேனே, அவருக்கு இந்த ஆய்வின் வாசலில்கூட இடம் கிடைத்திருக்காது.

இனி ரோபோ. முதலில், அது தானாக எதுவும் செய்வதில்லை. நோயாளிக்குச் சில அடி தள்ளி ஒரு மேசையில் உட்கார்ந்து மருத்துவர் கையை அசைப்பார், அவருடைய அசைவை இயந்திரக் கைகள் உள்ளே செய்யும். அமெரிக்க ராணுவப் பணத்தில், போர்க்களத்தில் அடிபட்டவனுக்குத் தொலைவில் இருந்தே அறுவை செய்யும் கனவோடு ஆரம்பித்த ஆராய்ச்சி. 1995இல் இன்டியூட்டிவ் சர்ஜிக்கல் என்ற நிறுவனமானது. 2000இல் அவர்களுடைய ‘டா வின்சி’க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சாதாரணத் துளைக் கருவி என்பது ஒரு நீளமான குச்சி. வயிற்றுத் தோல்தான் அதற்கு ஆதாரப் புள்ளி. கையை இடப்பக்கம் கொண்டுபோனால் முனை வலப்பக்கம் போகும். முனையில் மணிக்கட்டு கிடையாது. மூன்று மில்லிமீட்டர் குழாயைச் சுற்றி இரண்டு சாப்ஸ்டிக்கால் தையல் போடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். டா வின்சி கொண்டுவந்த பெரிய விஷயம் அந்த மணிக்கட்டு. கருவியின் நுனி மடங்கும், சுழலும். கை நடுக்கத்தை வடிகட்டும். நீங்கள் சில சென்டிமீட்டர் அசைத்தால் உள்ளே சில மில்லிமீட்டர் மட்டும் அசையும்படி குறைத்துத் தரும். பார்வையும் முப்பரிமாணம். வயிற்றுக்குள் இதற்கென்றே ஒரு உறுப்பு காத்துக்கிடந்தது என்றால் அது கணையம்தான். இழப்பு ஒன்று உண்டு: தொடு உணர்வு. நூல் எவ்வளவு இறுகுகிறது என்று விரல் சொல்லாது, கண்ணால் பார்த்து ஊகிக்க வேண்டும். தோஃபுவைத் தைப்பவனுக்கு இது சின்ன இழப்பு இல்லை. விசையை உணர்த்தும் கருவிகளோடு வந்த ‘டா வின்சி 5’ 2024இல்தான் அனுமதி பெற்றது.

ரோபோவால் கணையத்தை முதலில் தொட்டவர்களில் முக்கியமானவர் பியர் ஜூலியனோட்டி. பெரிய பல்கலைக்கழக மருத்துவமனை இல்லை, இத்தாலியின் டஸ்கனியில் க்ரொஸேட்டோ என்ற நடுத்தர ஊரின் பொது மருத்துவமனை. 2003இல் அவர் வெளியிட்ட 193 நோயாளிகளின் ரோபோ அறுவைகளில் எட்டு விப்பிளும் இருந்தன. பிறகு சிகாகோவுக்குப் போனார். ஆனால் எங்கள் மாதிரி ஆட்களுக்குத் தேவையான எண்களைத் தந்தது பிட்ஸ்பர்க். தாங்கள் செய்த முதல் 200 ரோபோ விப்பிள்களை வரிசை எண் மாறாமல் அடுக்கிப் பார்த்து, எந்த இடத்தில் வளைவு திரும்புகிறது என்று 2015இல் வெளியிட்டார்கள். முதல் 20இல் 35 சதவீதம் பேருக்கு நடுவில் நிறுத்தி வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது, அதன்பின் 3.3 சதவீதம். ரத்த இழப்பு 600 மில்லிலிட்டரிலிருந்து 250க்கு இறங்கியதும் அதே 20இல்தான். கணையக் கசிவு குறைய 40 வேண்டியிருந்தது, 27.5 சதவீதத்திலிருந்து 14.4. நேரம் குறைய 80.

பொறியாளர்களுக்கு இந்த மாதிரி வளைவு புதுசு இல்லை. புது இயந்திரம் தளத்துக்கு வந்தால் முதல் சில நூறு பீஸ் ஸ்கிராப் என்று திட்டமிடும்போதே எழுதிவிடுவோம். அதற்கு ஒரு பட்ஜெட் எண்கூட உண்டு. பிட்ஸ்பர்க் பட்டியலைப் படிக்கும்போது முதல் 20இல் 35 சதவீதம் என்றால் ஏழு பேர் என்று மனசு தானாகக் கணக்குப் போடுகிறது. அந்த ஏழு பேரும் 201ஆவது ஆளாக வந்திருக்கலாம், வரவில்லை. இன்னொரு கணக்கும் வருகிறது. வருடத்துக்கு 20 விப்பிள் செய்யும் மருத்துவமனை, எல்லாவற்றையும் ஒரே மருத்துவரிடம், ரோபோவில் மட்டும் கொடுத்தாலும் 80ஐத் தொட நான்கு வருடம். இரண்டு மருத்துவர்கள் பிரித்துக்கொண்டால் எட்டு. மலேசியா, சிங்கப்பூர் மருத்துவமனைகள் ரோபோ வாங்கிய செய்தி படத்தோடு நாளிதழில் வரும், இயந்திரத்தின் விலையும் வரும். அதை ஓட்டுபவர் எத்தனையாவது அறுவையில் இருக்கிறார் என்று நான் எந்தச் செய்தியிலும் படித்ததில்லை.

நெதர்லாந்து, ‘லெபர்ட்-2’ அடிக்குப் பிறகு, பெரும்பாலும் ரோபோ பக்கம் திரும்பியது. இந்த முறை பாடத்திட்டத்தை பிட்ஸ்பர்க் ஆட்களோடு சேர்ந்து அமைத்தார்கள். ஏழு மருத்துவமனைகள், 15 மருத்துவர்கள். முதலில் சிமுலேட்டர். அடுத்து செயற்கைத் திசுவில் வார்த்த கணையம், குடல், பித்தக்குழாய் மீது அந்த மூன்று இணைப்புகளையும் திரும்பத் திரும்பத் தைப்பது. தைப்பது வீடியோவில் பதிவாகும், பார்த்து மதிப்பெண் போடுவார்கள். அதில் தேறினால்தான் நோயாளி, அதுவும் முதலில் பழகியவர் பக்கத்தில் நிற்க. இப்படி 275 ரோபோ விப்பிள்களை முடித்துக் கணக்குக் காட்டினார்கள். செயற்கைக் கணையத்தில் தையல் கிழிந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்கிறார்கள்.